கலிஃபோர்னியாவில் வாடகைச் சட்டம் எட்டாத வீடுகள்

சான் ரமோனில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 1985இல் கட்டிய அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட். இன்னொன்று தனி வீடு; ஓனர் ஒரு தனிநபர், லீஸில் விலக்கு அறிவிப்பும் இருக்கிறது. இரண்டிலும் மாத வாடகை 3,200 டாலர், இரண்டிலும் லீஸ் முடிந்து மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில் அந்த ஃபிளாட்டுக்கு அதிகபட்சம் 281 டாலர் 60 சென்ட்தான் ஏற்ற முடியும். அதற்கு மேல் கேட்டால் சட்டமீறல். எதிர்வீட்டு ஓனர் 700 டாலர் ஏற்றலாம். ஏற்றவே வேண்டாம், காரணம் சொல்லாமல் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யவும் சொல்லலாம். ஒரே ஊர், ஒரே சட்டம். ஒரு வீடு அதற்கு உள்ளே, இன்னொன்று வெளியே.

அந்தச் சட்டம் 2019ஆம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். மசோதா எண்ணை வைத்து ஏபி 1482 என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது; நீட்டிக்காவிட்டால் 2030 ஜனவரி 1 அன்று காலாவதியாகிவிடும். அது செய்வது இரண்டு வேலை. வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு வைக்கிறது: 12 மாதத்துக்குள் 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த தொகை, அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. அடுத்தது, ஒருவர் 12 மாதம் தொடர்ந்து குடியிருந்துவிட்டால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைக் காட்டாமல் அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகை பாக்கி, ஒப்பந்த மீறல் போன்றவை ஒரு வகைக் காரணம். ஓனரே குடிவருவது, வீட்டை வாடகைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுவது, இடித்துக் கட்டுவது போன்றவை இன்னொரு வகை; இந்த இரண்டாம் வகையில் ஓனர் ஒரு மாத வாடகையைக் கையில் கொடுக்க வேண்டும், அல்லது கடைசி மாத வாடகையைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

இந்த இரண்டு வேலைக்கும் விலக்குப் பட்டியல் தனித்தனி. சிவில் சட்டத்தொகுப்பில் வாடகை வரம்பு 1947.12ஆம் பிரிவு, காலி செய்வது 1946.2ஆம் பிரிவு. பெரும்பாலான விலக்குகள் இரண்டிலும் இருக்கும். சில ஒன்றில் மட்டும்தான். “என் வீட்டுக்கு ரென்ட் கண்ட்ரோல் கிடையாது” என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பிரிவிலிருந்து விலக்கு என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பாதிப் பேரிடம் பதில் இருக்காது.

விலைவாசிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ரீமாண்ட், டப்ளின், சான் ரமோன் எல்லாம் சான் பிரான்சிஸ்கோ பெருநகர விலைக் குறியீட்டுக்குள் வருகின்றன. 2024 ஏப்ரலில் அது 3.8 சதவீதம், ஆகவே அந்த ஆகஸ்ட் முதல் வரம்பு 8.8. சன்னிவேல், சான் ஹோசே, சாண்டா கிளாரா ஆகியவை அந்தப் பெருநகரக் கணக்கில் இல்லை. அங்கே கலிஃபோர்னியா மாநிலக் குறியீட்டைத்தான் எடுக்க வேண்டும். ஃப்ரீமாண்டில் இருக்கும் நண்பர் சொன்ன சதவீதத்தை வைத்து சன்னிவேல் ஓனரிடம் வாதாடினால் எடுபடாது.

பதினைந்து வருடக் கணக்கு

கடந்த 15 ஆண்டுக்குள் ஆக்குபன்சி சான்றிதழ் (குடியேறலாம் என்று நகரம் தரும் அனுமதி) வாங்கிய கட்டடம் எதுவானாலும், இரண்டு பிரிவிலிருந்தும் விலக்கு. ஓனர் யார் என்ற கேள்வியே இங்கே இல்லை. பெரிய கம்பெனி நடத்தும் 300 வீட்டு அடுக்ககமாக இருந்தாலும் புதிது என்றால் விலக்குதான். ‘ஆடம்பர அபார்ட்மென்ட்’ என்று விளம்பரம் செய்து முதல் இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி தரும் புதுக் கட்டடங்களில் அடுத்த வருடம் வாடகை எகிறுவதற்குச் சட்டத்தில் தடை இல்லாதது இதனால்தான்.

ஆனால் இந்த 15 வருடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2011 மார்ச்சில் சான்றிதழ் பெற்ற கட்டடம் 2026 மார்ச்சில் தானாகவே சட்டத்துக்குள் வந்துவிடும். யாரும் கடிதம் போடப் போவதில்லை. குடியிருப்பவரும் அதே ஆள், வீடும் அதே வீடு. போன வருடம் செல்லுபடியான 14 சதவீத உயர்வு இந்த வருடம் செல்லாது. தேதியை ஜில்லோ போன்ற வீடு தேடும் இணையதளத்தில் போட்டிருக்கும் ‘கட்டிய ஆண்டு’ பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டி முடித்த ஆண்டும் சான்றிதழ் தேதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நகரக் கட்டட அனுமதித் துறையின் இணையதளத்திலேயே பல ஊர்களில் முகவரியைக் கொடுத்துத் தேடலாம். இல்லையென்றால் நேரில் போய் அந்த முகவரிக்கான பொதுப் பதிவைக் கேட்டு வாங்கலாம். சமையலறையையும் குளியலறையையும் புதுப்பித்துவிட்டு வீடே புதிதாகிவிட்டது என்று சொல்வதால் கணக்கு மறுபடி தொடங்காது.

தனி வீடு, காண்டோ, டவுன்ஹவுஸ்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நம்மவர்கள் குடியிருப்பதானாலும் வாடகைக்கு விடுவதானாலும் அதிகம் முட்டிக்கொள்வது இந்த விலக்கோடுதான். இதற்கு மூன்று நிபந்தனை. மூன்றும் ஒருசேர இருந்தால்தான் விலக்கு. ஒன்று விட்டாலும் போச்சு.

முதலாவது, அந்த வீட்டை வேறெந்த வீட்டோடும் சேர்க்காமல் தனியாக விற்க முடிய வேண்டும், அதாவது பத்திரம் தனியாக இருக்க வேண்டும். காண்டோ என்றால் அப்படித் தனிப் பத்திரமுள்ள ஃபிளாட். டவுன்ஹவுஸ் என்ற சொல்லை இங்கே நம்பக் கூடாது. அது வீட்டின் அமைப்பைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சொல்வதில்லை. மாடிப்படி, கராஜ், சின்னத் தோட்டம் எல்லாம் இருந்தும் வளாகம் மொத்தமும் ஒரே பத்திரத்தில் கிடந்தால் அது சட்டத்தின் பார்வையில் அபார்ட்மென்ட். மாவட்ட மதிப்பீட்டாளர் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் பார்சல் எண் வரும். பக்கத்து வீட்டுக்கு வேறு எண் என்றால் தனிப் பத்திரம். எல்லா வீட்டுக்கும் ஒரே எண் என்றால் விலக்கு கேட்க இடமில்லை.

இரண்டாவது, ஓனர் யார் என்பது. ரியல் எஸ்டேட் முதலீட்டு டிரஸ்ட், கார்ப்பரேஷன், அல்லது ஒரு கார்ப்பரேஷனை உறுப்பினராகக் கொண்ட எல்எல்சி (வரையறுத்த பொறுப்புக் கம்பெனி), இந்த மூன்றில் ஒன்று என்றால் விலக்கு இல்லை. குடும்ப லிவிங் டிரஸ்ட் பெயரில் இருப்பதால் கெடுதல் கிடையாது. கணவன் மனைவி மட்டும் உறுப்பினராக இருக்கும் எல்எல்சியும் பரவாயில்லை. சிக்கல் வருவது வேறு இடத்தில். கன்சல்டிங் வேலைக்காக ‘இன்க்’ என்று ஒரு கம்பெனி, அதாவது கார்ப்பரேஷன், வைத்திருப்பவர், வருமான வரி ஆலோசகர் சொன்னார் என்று வாடகை வீட்டுக்கு ஒரு எல்எல்சி திறந்து, அதன் உறுப்பினராகத் தன் இன்க் கம்பெனியைப் போடுவார். வரிக் கணக்குக்கு அது பொருத்தமாக இருக்கலாம். கையெழுத்துப் போட்ட அன்றே வாடகை விலக்கு கைநழுவிவிட்டது. வீட்டை எல்எல்சிக்கு மாற்றும்போது பொறுப்பு, காப்பீடு, அடமானம் என்று பத்து விஷயம் பேசுகிற ஆலோசகர்கள் இதைப் பேசுவது அபூர்வம்.

மூன்றாவது, எழுத்து மூலமான அறிவிப்பு. அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். இந்த வீடு 1947.12இன் வாடகை வரம்புக்கும் 1946.2இன் காரண நிபந்தனைக்கும் உட்பட்டதல்ல, ஓனர் மேற்சொன்ன மூன்று வகையினரில் யாருமல்ல என்று, சட்டமே எழுதிக்கொடுத்திருக்கும் ஒரு பத்தியைக் குடியிருப்பவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2020 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு தொடங்கிய, புதுப்பித்த வாடகைக்கு அந்தப் பத்தி ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தனிப் பத்திரம், தனிநபர் ஓனர் எல்லாம் சரியாக இருந்தும் இந்தப் பத்தி இல்லையென்றால், அந்தத் தனி வீடு அபார்ட்மென்ட் போலவே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

எப்படி விட்டுப்போகிறது? நண்பருக்கு நண்பர் விடும் வீட்டில் இணையத்தில் இறக்கிய இரண்டு பக்க ஒப்பந்தம். வேறு மாநிலத்தின் படிவம். 2018இல் எழுதிய லீஸைத் தேதி மட்டும் மாற்றி நகலெடுப்பது. ஏஜென்ட் மூலம் போனாலும் தப்பு நடக்கும். கலிஃபோர்னியா ரியல்டர் சங்கத்தின் இணைப்புப் படிவத்தில் விலக்குக்குத் தனிப் பெட்டி உண்டு. படிவம் இணைத்திருப்பார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அந்தப் பெட்டியில் டிக் இருக்காது. டிக் இல்லாத பெட்டி, கொடுக்காத அறிவிப்பு. ஓனர் என்றால் புது லீஸ் எழுதும்போது அந்தப் பத்தியைச் சேர்ப்பதுதான் சுத்தமான வழி. அதற்கு முன்பு வரம்பு மீறி ஏற்றிய வாடகையை அது பின்தேதியிட்டுச் சரியாக்காது. குடியிருப்பவர் என்றால், உயர்வு நோட்டீஸ் வந்ததும் முதலில் லீஸை எடுத்து 1947.12 என்ற எண் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். தேட ஐந்து நிமிடம் போதும்.

பின்கட்டு வீடு வந்தால்

கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு சின்ன வீடு கட்டுவது, கராஜை வீடாக்குவது கலிஃபோர்னியாவில் பரவிவிட்டது. ஏடியு என்று அதற்குப் பெயர். வாடகைச் சட்டத்தில் அதன் விளைவை யோசிக்காமல் கட்டுகிறார்கள். ஒரே மனையில் இரண்டு குடியிருப்பு, ஒரே பத்திரம் என்று ஆகிவிட்டால், முன்வீட்டைப் பின்வீட்டிலிருந்து பிரித்து விற்க முடியாது. ஆக, முதல் நிபந்தனை உடைந்துவிட்டது. முன்வீடு, பின்வீடு இரண்டையும் வாடகைக்கு விட்டு ஓனர் வேறிடத்தில் இருந்தால், நேற்றுவரை விலக்கில் இருந்த முன்வீடு சட்டத்துக்குள் வந்துவிடும். புதிதாகக் கட்டிய பின்வீடு மட்டும் 15 வருடக் கணக்கின்படி வெளியே நிற்கும். பழையது உள்ளே, புதியது வெளியே என்ற விசித்திரம்.

ஓனர் முன்வீட்டில் இருந்துகொண்டு பின்வீட்டை மட்டும் விட்டால் கதை வேறு. ஓனர் குடியிருக்கும் தனி வீட்டில், ஏடியு உட்பட இரண்டுக்கு மிகாத யூனிட்டோ படுக்கையறையோ வாடகைக்கு விட்டால் காரணம் காட்டும் நிபந்தனையிலிருந்து விலக்கு. இது 1946.2இல் மட்டும் உள்ள விலக்கு. வாடகை வரம்பில் இது இல்லை. சமையலறையையோ குளியலறையையோ ஓனரோடு பகிர்ந்துகொள்ளும் அறை வாடகையும் அப்படியே. கவனிக்க வேண்டியது, பகிர்ந்துகொள்பவர் ஓனராக இருக்க வேண்டும், அந்த வீடு அவருடைய நிரந்தர இருப்பிடமாக இருக்க வேண்டும். வீட்டை லீஸ் எடுத்து அறைகளை உள்வாடகைக்கு விடும் மூத்த பேச்சிலர் ஓனர் ஆகிவிட மாட்டார்.

ஒரே கட்டடத்தில் இரண்டு வீடுள்ள டூப்ளெக்ஸில் ஒன்றில் ஓனர் இருந்தால் இரண்டு பிரிவிலிருந்தும் விலக்கு உண்டு. வாடகை தொடங்கியபோதே ஓனர் அங்கே இருந்திருக்க வேண்டும், தொடர்ந்தும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றும் ஏடியுவாக இருக்கக் கூடாது. குடியிருப்பவர் வந்த பிறகு ஓனர் குடிவந்து விலக்கு கேட்க முடியாது. ஓனர் வெளியேறினால் அன்றோடு விலக்கும் போகும்.

கல்லூரி விடுதிகள், அரசு நிபந்தனையுடன் குறைந்த வருமானத்தாருக்கென ஒதுக்கிய வீடுகள், இரண்டுக்கும் விலக்கு உண்டு. அவற்றுக்குத் தனி விதிகள் இருக்கின்றன, இங்கே விட்டுவிடுவோம்.

ஊருக்கு ஊர்

மாநில விலக்கு கிடைத்துவிட்டது என்பதால் நகர விலக்கும் கிடைத்ததாக ஆகாது. நகரங்களின் கையைக் கட்டிப்போட்டிருப்பது 1995இன் கோஸ்டா-ஹாக்கின்ஸ் சட்டம். தனி வீடுகளுக்கும் காண்டோக்களுக்கும், 1995 பிப்ரவரி 1க்குப் பிறகு சான்றிதழ் பெற்ற கட்டடங்களுக்கும் நகரங்கள் வாடகை வரம்பு விதிக்க முடியாது. வீடு காலியானால் புது வாடகையை ஓனர் இஷ்டப்படி வைக்கலாம். அதை நீக்கவோ தளர்த்தவோ 2018, 2020, 2024 என்று மூன்று தடவை மாநில வாக்கெடுப்பு நடந்தது. மூன்றிலும் தோற்றது. ஆனால் அந்தச் சட்டம் கட்டுவது வாடகைத் தொகையைத்தான். காலி செய்ய என்ன காரணம் வேண்டும் என்று நகரங்கள் விதிப்பதை அது தடுப்பதில்லை.

அதனால்தான் சான் பிரான்சிஸ்கோவில் தனி வீட்டுக்கு வாடகை வரம்பு இல்லாவிட்டாலும் காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 2023 ஜனவரி 27 முதல், முதல் லீஸ் முடிந்ததும் அல்லது ஆறு மாதம் ஆனதும், இரண்டில் எது முந்தையதோ அன்று முதல், தனி வீடுகளுக்கும் காரணம் காட்ட வேண்டும். மவுண்டன் வியூவில் 2016 வாக்கெடுப்பில் வந்த சட்டம் மூன்று அடுக்காக இருக்கிறது: 1995 பிப்ரவரிக்கு முந்தைய அடுக்ககங்களுக்கு வாடகை வரம்பும் காலி செய்யப் பாதுகாப்பும், அதற்குப் பிறகு 2016 டிசம்பர் 23க்குள் வந்தவற்றுக்குக் காலி செய்யப் பாதுகாப்பு மட்டும், தனி வீடு, காண்டோ, டூப்ளெக்ஸ், ஏடியுவுக்கு இரண்டும் இல்லை. பக்கத்து ஊரான சன்னிவேலுக்குள் போய்விட்டால் இந்த அடுக்கு எதுவும் கிடையாது, வாடகை வரம்புக்கு மாநிலச் சட்டம் மட்டும்தான்.

விலக்கு என்றால் என்னவெல்லாம் மிச்சம்

விலக்கு பெற்ற வீட்டு ஓனர் நினைத்ததைச் செய்யலாம் என்று ஓனர்களும் நினைக்கிறார்கள், குடியிருப்பவர்களும் பயப்படுகிறார்கள். இரண்டும் தப்பு. லீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, லீஸிலேயே இடம் வைத்திருந்தாலொழிய வாடகையை ஏற்ற முடியாது. மாதாமாத வாடகையில் 12 மாதத்தில் 10 சதவீதம் வரை ஏற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 10ஐத் தாண்டினால் 90 நாள். அந்த அறிவிப்பு நேரில் கொடுத்ததாகவோ தபாலில் வந்ததாகவோ இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் “நெக்ஸ்ட் மந்த்லிருந்து 3,900 ஓகேவா” என்று வருவது நோட்டீஸ் ஆகாது; நீங்கள் ஓகே என்று பதில் போட்டால் வீணாகச் சிக்கல்தான்.

காலி செய்யக் காரணம் வேண்டாம், அவகாசம் வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவாகக் குடியிருந்தால் 30 நாள், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 60 நாள். பழுது பார்க்கச் சொன்னதற்கோ நகர ஆய்வாளரிடம் புகார் செய்ததற்கோ பழிவாங்க 180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தால் அதுவே குடியிருப்பவரின் எதிர்வாதம். பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது எந்த வீட்டிலும் சட்டவிரோதம். நஷ்டத்தோடு நாளுக்கு 100 டாலர் வரை அபராதம், குறைந்தது 250. நோட்டீஸ் காலம் முடிந்தும் போகாதவரை வெளியேற்ற நீதிமன்றம் ஒன்றே வழி. விதிவிலக்கு, ஓனரின் வீட்டிலேயே ஓர் அறையில் இருக்கும் ஒற்றை வாடகையாளர். அவர் விஷயத்தில் முறையான நோட்டீஸுக்குப் பிறகு போலீஸை அழைக்கவே சட்டம் இடம் கொடுக்கிறது.

விலக்கு பெற்ற வீட்டையும் பிடித்து நிறுத்தும் இன்னொரு சட்டம் தண்டனைச் சட்டத்தின் 396ஆம் பிரிவு. பேரிடர் நெருக்கடி நிலை அறிவித்தால், அது நடப்பில் இருக்கும்வரை அந்தப் பகுதியில் வாடகையை 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. புதுக் கட்டடம், தனி வீடு என்ற பேச்செல்லாம் இங்கே எடுபடாது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது இது நடப்புக்கு வந்தது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ இரண்டுமோ.

பாதுகாப்பு டெபாசிட்டுக்கும் விலக்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைதான் உச்சம். இரண்டு சொத்துக்கு மேல் இல்லாத, மொத்தம் நான்கு வீட்டுக்கு மிகாத தனிநபர் ஓனர் இரண்டு மாதம் வரை வாங்கலாம்.

வழக்கு என்று வந்துவிட்டால் நாட்களைக் கைவிரலில் எண்ண வேண்டும். வெளியேற்ற வழக்கின் சம்மன் நேரில் கிடைத்த நாளிலிருந்து பதில் தாக்கல் செய்ய 10 நீதிமன்ற வேலைநாள். 2025க்கு முன்பு அது ஐந்தாக இருந்தது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் ஐந்து என்றே இருக்கும். பதில் போடாமல் விட்டால், ஓனரின் விலக்கு செல்லாது என்ற உங்கள் வாதம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நீதிபதியின் காதுக்கே எட்டாது.

வரம்பு மீறிய வாடகையை ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் லீஸ், உயர்வு நோட்டீஸ், வங்கிக் கணக்கு விவரம், பார்சல் எண் பக்கத்தின் அச்சு ஆகியவற்றை ஒன்றாக வைத்து, கூடுதலாகப் போன தொகையை மாதவாரியாகக் கணக்குப் போட்டு ஓனருக்குப் பதிவுத் தபாலில் கேளுங்கள். வீட்டுக்கு விலக்கு உண்டு என்று அவர் சொன்னால் எந்த உட்பிரிவில் என்று எழுத்தில் கேளுங்கள். 2024 ஏப்ரல் 1 முதல், வரம்பு மீறி வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதோடு, வேண்டுமென்றே செய்திருந்தால் அதன் மூன்று மடங்கு வரை நஷ்டஈடு கேட்கவும் வழி இருக்கிறது. “எனக்கு இந்த உரிமை வேண்டாம்” என்று லீஸில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது.